பாலத்தடிக் கம்பிப் பெட்டி

அன்பு மகள் வூக்கோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடையும் சுகம், ஓடை சுகமா என்று மட்டும் இன்றைக்குச் சொல்ல முடியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நியூசிலாந்துக் குளிரில் நீயும் சின்னவனும் இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று முதலில் எழுது. போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் உன்னிடம் போனில் சொல்வதெல்லாம் மறுநாளே கௌக்கோ மாமா காதுக்குப் போய்விடுகிறது, எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

நம் ஆலைப்பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். பால் லாரி ஏறக்கூடாது என்று பலகை வைத்து எத்தனையோ காலமாயிற்று, கட்ட வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பாலத்துக்குக் கீழேதான் நம் சிங்கி இறால் இருக்கிறது, ஆகஸ்டில் அதை ஹெல்சின்கி ஓட்டல்களுக்கு விற்றுத்தான் மிச்ச வருஷத்துக்குக் கடை மூச்சு விடுகிறது. சேறு படிந்தால் அதற்கு மூச்சு முட்டும். ஊர்க்கூட்டத்தில் கம்பெனிக்காரர்கள் படம் போட்டுக் காட்டினார்கள், ஓடையைக் குழாயில் திருப்பிவிடுவோம், குழியில் ஊறும் கலங்கல் தண்ணீரை ஓஸ் போட்டு இறைத்துக் கரையில் துணிப்பையில் வடிகட்டுவோம், சதுப்பில் பலகை பரப்பி அதன்மேல்தான் வண்டி ஓட்டுவோம் என்று. படத்தில் எந்தத் தண்ணீரும் தெளிவாகத்தான் ஓடும். கேட்காமலே தள்ளுபடி தருகிறவனை நான் எப்படிப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும், கேட்காமலே உறுதி தருகிறவனையும் அப்படித்தான் பார்த்தேன்.

நடுக்கோடைப் பண்டிகை முடிந்ததும் வேலை தொடங்கியது, அன்றிலிருந்து தினம் காலையில் பிளாஸ்கில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். பொக்லைன் ஓட்டுகிறவன் பெயர் தர்மோ, தாடிக்காரன், எதற்கும் சிரிக்கிறவன், அதனாலேயே அவன்மேல் எனக்குச் சந்தேகம் அதிகம். கடைக்காரம்மா, காப்பி எனக்கா, இல்ல வேவு பாக்கறதுக்கு நீங்க குடுக்கற கூலியா என்று கேட்டான். காப்பி உனக்கு, கண்ணு உன் ஓசுக்கு என்றேன். அந்த வண்டி எந்த ஏரியில் இறங்கி அங்கத்திய சிங்கி நோயை ஈரத்தோடு சுமந்து வந்ததோ என்று, மண் அள்ளும் வாளியின் அடியில் கைவிட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவினேன், நல்லாத் தடவிப் பாருங்கம்மா, அது தண்ணியப் பாத்து ஒரு வாரமாச்சு, என்னை மாதிரியே என்றான். மேற்பார்வைக்கு நகராட்சி அனுப்பிய சைமி என்ற பெண்ணையும் நான் நம்பவில்லை, உன் வயசுதான், பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறாள், ஆனால் மதியச் சாப்பாடு அந்தக் கம்பெனிக்காரர்களோடு ஒரே மேசையில்.

ஒரு நாள் ஓடை காப்பி நிறத்தில் வந்தது. மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்து எல்லோருக்கும் போன் போட்டேன், உன் மாமாவுக்கும் போட்டு, இவங்க நம்ம சிங்கிய மூச்சடைச்சே கொன்னுடுவாங்கடா என்று கத்தினேன். சைமி கரையோடு மேலே நடந்து போய்ப் பார்த்தால், மேல்பண்ணை மாடுகள் வேலி உடைத்து ஓடையில் நின்றுகொண்டிருக்கின்றன. மாமாவுக்கு மறுபடி போன் பண்ணி அது மாடுதான் என்று சொல்லவில்லை, அங்கேதான் வினை.

மாமாவின் ஏரியில் இருப்பது அமெரிக்கச் சிங்கி என்று உனக்குத் தெரியும், கொள்ளைநோயைச் சுமந்துகொண்டு திரியும், தான் சாகாது, அந்த ஈரம் பட்டால் நம்முடையது ஒன்று விடாமல் செத்துப்போகும். அவனுக்கும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் சிங்கி பிடிக்கும் வலைக்கூடுகளைச் சௌனா நீராவிக் குளியலறையில் அடுக்கி நன்றாகச் சூடேற்றிக் காயவைத்துத்தான் இங்கே கொண்டுவருவான், மனைவியைக்கூட அன்று சௌனாவுக்குள் விடமாட்டான். இந்தத் தடவை, பாலம் கட்டுகிறவர்கள் கொல்வதற்கு முன் நம் சிங்கியை எல்லாம் பிடித்துத் தொட்டியில் போட்டுக் காப்பாற்றிவிட வேண்டும் என்று, சிங்கி பிடிக்கும் சீசன் திறந்த மறுநாளே, அன்று காலைவரை அவன் ஏரியில் கிடந்த கூடுகளைச் சொட்டச் சொட்டக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். எனக்குச் சொல்லவில்லை, நேரே பாலத்தடிக்குப் போய் முதல் கூட்டை இறக்கியிருக்கிறான்.

பார்த்தது தர்மோ. பொக்லைனிலிருந்து குதித்து ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறான், உன் மாமா இந்தப் பக்கம் இழுக்கிறான். நான் பிளாஸ்கோடு போய்ச் சேர்ந்தபோது, யோவ், இது எந்தத் தண்ணியில கெடந்துச்சு என்று தர்மோ கேட்கிறான். என் ஏரியில, உனக்கென்ன, எல்லாத்தையும் கொல்ல வந்தவன்தானே நீ என்கிறான் மாமா. நான் கொல்ல வந்தவன், நீ காப்பாத்த வந்தவன், அப்ப எதுக்குய்யா காரு பூரா விஷத்த ஏத்திக்கிட்டு வந்திருக்க என்றான் தர்மோ. மாமா கூட்டைப் பார்த்தான், காரைப் பார்த்தான், கயிற்றை விட்டுவிட்டான். பிறகு என்னைப் பார்த்து, நீதானேக்கா சொன்னே, காப்பாத்தற அவசரத்துல சௌனாவ யாருக்கா நெனப்பா என்றான். காப்பியை ஊற்றி அவன் கையில் கொடுத்தேன்.

கூடுகளை எல்லாம் நம் சௌனாவில் அடுக்கிச் சூடேற்றினோம், சனிக்கிழமை அதுவுமாக அப்பாவுக்குக் குளியல் இல்லை. கூடெல்லாம் குளிக்குது, வீட்டு ஆம்பளைக்கு எடமில்ல என்று வாசலில் துண்டோடு நின்றார். ஆனால் ஓடையைச் சௌனாவில் வைக்க முடியாதே. சைமி மேல் ஓடையிலிருந்து சில சிங்கிகளைப் பிடித்து ஒரு கம்பிப் பெட்டியில் போட்டுப் பாலத்தடியில் இறக்கியிருக்கிறாள். நோய் ஒட்டியிருந்தால் இவை சாகும், சாகாவிட்டால் தப்பித்தோம், தெரிய வாரங்கள் ஆகும், அதுவரை ஓடையில் யாரும் பிடிக்கக்கூடாது. நானே ஹெல்சின்கி ஓட்டல்காரர்களைக் கூப்பிட்டு இந்த ஆகஸ்டில் சிங்கி இல்லை என்று சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. இதில் என்ன கொடுமை என்றால், நம் ஓடைத் தண்ணீர் பட்ட வண்டி இப்போது வேறு பாலத்துக்குப் போகக்கூடாதாம், நான் ஈரம் தேடித் தடவிய அதே வாளியைத் தர்மோ மருந்து போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான், நம்மால். என்னைக் கண்டதும், கடைக்காரம்மா, இப்ப என் முறை, கையக் காட்டுங்க, ஈரம் இருக்கான்னு பாக்கணும் என்றான். காட்டினேன்.

அதற்காக அவர்களை முழுக்க நம்பிவிட்டேன் என்று நினைக்காதே, ஓஸ் எங்கே போகிறது என்று இன்றும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தர்மோவுக்கு மட்டும் ரொட்டியில் வெண்ணெய் கூடுதலாகத் தடவுகிறேன். மாமா தினமும் வந்து கரையில் உட்கார்ந்திருக்கிறான், நீ போனில் பேசினால் அவனைத் திட்டாதே, நான் திட்டியதே போதும்.

நீ ஊருக்கு வரும்போது அங்கே ட்ராட் மீன் பிடிக்கப் போட்டுப் போகும் அந்த நீளப் பூட்ஸைக் கொண்டு வராதே. கொண்டுதான் வருவேன் என்றால் எலும்பு மாதிரிக் காயவைத்துக் கொண்டு வா, வாசலிலேயே வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்ப்பேன், மகள் என்று விடமாட்டேன். சின்னவனின் செருப்பும் அப்படியே.

நோய் பிடித்த சிங்கி பகலிலேயே வெளியே வந்து கால் விறைக்க நடக்கும் என்று சைமி சொல்லியிருந்தாள். கடிதத்தை முடிக்குமுன் போய்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றையும் காணோம். உள்ளே அவை ஒளிந்துகொள்ள ஒரு கூரை ஓடு வைத்திருக்கிறார்கள், அதன் அடியில் விரலை விட்டேன், கொடுக்கால் பிடித்தது பார் ஒரு பிடி, தர்மோ வந்து விடுவிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். விரலில் கட்டுப் போட்டிருப்பதால் கையெழுத்துக் கோணல், அதைப் பார்த்துப் பயந்துவிடாதே, வலி இருக்கும்வரை எனக்கு நிம்மதி.

உன் அம்மா,
இர்யா