ஒன்பது தொட்டிகள்

திண்டிவனம்
16.11.2025

அன்புள்ள அஸ்வினிக்கு,

துர்கா எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீயும் அண்ணனும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அதில் எழுதினால், நீ பார்ப்பதற்குள் நானே அழித்துவிடுவேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை விதைத்தவர்கள் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் நொச்சிக்குட்டைக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். வேளைக்குச் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஆர்த்தியின் வளைகாப்புச் சேலையை எடுத்துப் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாகவே இருக்கிறார்கள். உன் தங்கை போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. யாராவது அந்தச் சேலையை வாங்கி உள்ளே வைக்கலாம். எனக்குக் கை வரவில்லை. ஏன் என்பதைத்தான் இதில் சொல்லப்போகிறேன்.

என் அலுவலகத்தை நினைத்தாலே குமட்டுகிறது. ஊராட்சி ஒன்றியங்கள் தங்களிடம் இருக்கும் தகவல்களையெல்லாம் மக்கள் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும், அதற்கு ஒரு கொள்கையும் வகுக்க வேண்டும் என்று மே மாதம் மேலிடத்து உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். எங்களிடம் இருந்ததோ ஒரு கம்ப்யூட்டர், செத்துப்போன யூபிஎஸ், ஒப்பந்த வேலையில் நான். கொள்கையை எழுத சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்தை அமர்த்தினார்கள். எழுபத்திரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். விமான நிலையத் தகவலை எப்படி வெளியிடுவது என்று அதில் ஓர் அத்தியாயம். நம் ஒன்றியத்தில் சிக்னல் விளக்குகூடக் கிடையாது. எந்த ஊருக்கோ எழுதியதில் பெயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்தோராம் பக்கத்தில் அதையும் மாற்றவில்லை. எங்கள் அதிகாரி தாண்டவராயன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

குடிநீர்ப் பரிசோதனை முடிவுகளும் இணையத்தில் போக வேண்டியவைதான். மொத்தம் முப்பத்தெட்டு மேல்நிலைத் தொட்டிகள். அதில் ஒன்பதுக்கு 'குடிக்க உகந்ததல்ல, கழிவு கலந்திருக்கிறது' என்று ஆய்வகம் எழுதியிருந்தது. அறிக்கை வந்தது ஜூன் 12. இரண்டு நாளில் நான் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். ஜூலை முதல் வாரம் தாண்டவராயன் சார் என் மேஜைக்கு வந்து நின்றார். "டேட்டாவ கிளீன் பண்ணிப் போடும்மா. இந்த ஒம்போதையும் தூக்கிடு. ஜனம் பாத்தா பேஜாரு" என்றார். மறுபடி பரிசோதிக்கலாமா என்று கேட்டேன். "அதுக்கு ஏது ஆளு? நாளைக்கு வுழாவ வச்சிக்கினு கேள்வி கேக்கறியே. ஜல்தி முடி" என்றார்.

தூக்கினேன். ஒன்பதில் ஏழாவது வரி நொச்சிக்குட்டை. அந்த வரியை அழித்தது நான்தான், அஸ்வினி.

மறுநாள் விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் விழா. தகவல்களை முழுதாக வெளியிட்டதற்கு எங்கள் ஒன்றியத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். இணையத்தில் எல்லாத் தொட்டியின் தண்ணீரும் சுத்தம். அதே பக்கத்தில் விதவை உதவித்தொகை வாங்கும் பெண்களின் பெயரும் போன் நம்பரும் அப்படியே கிடந்தன. அதைக் கிளீன் பண்ண யாருக்கும் தோன்றவில்லை. கண்டவனெல்லாம் போன் போட்டு வழிகிறான் என்று முகையூரிலிருந்து என் சித்தியின் மருமகள் அழுதாள். புருஷனை இழந்த அவளுக்கு உதவித்தொகை வருவது எங்கள் ஒன்றியத்தில் இருக்கும் பிறந்த வீட்டு முகவரிக்கு. இந்த லட்சணத்துக்குக் கேடயம்.

விழா முடிந்த நாலாம் நாள் ஆர்த்தி திண்டிவனத்துக்கு ஸ்கேன் எடுக்க வந்தாள். மத்தியானம் என் வீட்டில்தான் சாப்பிட்டாள். குழந்தை உதைக்கிற இடத்தில் என் கையை எடுத்து வைத்தாள். ஊர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆபீஸ் விஷயம் வெளியே போகக் கூடாது, போனால் வேலை போகும் என்ற பயம். அதோடு, எப்படியும் குளோரின் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரசம் ஊற்றினேன். பஸ் ஏற்றிவிட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு தண்ணீரால் வரும் அந்தக் காமாலை எவ்வளவு பொல்லாதது என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது. ஆகஸ்ட் 29. இரண்டு உயிர். காரியம் முடிந்து நீ விமானம் ஏறப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டி, உங்க ஆபீஸ்ல ஒண்ணுமே தெரியலியா?" என்று கேட்டாய். தெரியலடி என்றேன். அன்று எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. அதிகாரியைப் பார்த்தால் வருவதும் அதுதான், கண்ணாடியைப் பார்த்தால் வருவதும் அதுதான்.

அக்டோபரில் நான் ஒரு கொள்கை எழுதினேன். ஒரே பக்கம், தமிழில். தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்த இரண்டு நாளுக்குள், நல்லதோ கெட்டதோ, அந்தத் தொட்டியின் தூணிலேயே தேதியோடு பெயின்ட்டில் எழுத வேண்டும். எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆட்களின் பெயர், நோய், போன் நம்பர் எதுவும் எழுதக் கூடாது. எழுதியதை அழிக்க அடுத்த பரிசோதனை முடிவு வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

உங்கள் ஊராட்சித் தலைவர் தையல்நாயகியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதுக்கா மேடம் எழுவது பக்கம் பொஸ்தகம் போட்டாங்க?" என்றார். நவம்பர் முதல் தேதி கிராம சபையில் வைத்தார்; நானும் போயிருந்தேன். தொட்டி ஆப்பரேட்டர் சுப்புராயன் எழுந்து, "கெட்ட தண்ணின்னு எழுதினா மொதல்ல எனக்குத்தான் அடி வுழும்" என்றார். அவர் பயமும் நியாயம்தான். அப்படியானால் தலைவர் கையெழுத்தும் சேர்ந்து இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். பழைய முடிவுகளையும் படிக்கச் சொன்னார்கள். ஒன்பது ஊர்களின் பெயரையும் படித்தேன்.

ஆர்த்தியின் வீட்டுக்காரர் திருமுருகன் கடைசி வரிசையில் நின்றிருந்தார். "அந்த ரிப்போர்ட்டு எந்தத் தேதில வந்துச்சிங்க?" என்று கேட்டார். ஜூன் 12 என்றேன். "அப்ப நீங்க பாத்தீங்களா?" என்றார். நான் கையிலிருந்த தாளை மடித்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். உன் வீட்டில் அவர் எதுவும் சொல்லவில்லை. போன வாரம் உன் அம்மா எனக்குக் காப்பி கொடுத்ததிலேயே அது தெரிந்தது.

தீர்மானம் நிறைவேறியது. நொச்சிக்குட்டையில் சாக்கடை கலந்த குழாய் உடைப்பை அடைத்துவிட்டார்கள். நவம்பர் 10 பரிசோதனை, குடிக்கலாம் என்று தூணில் எழுதியிருக்கிறது. மற்ற எட்டு ஊர்களில் மூன்று ஊர்த் தலைவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஐந்து ஊரில் இன்னும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

இந்தத் தண்ணீர் அறிக்கையை மறைத்தது பற்றி வரும் புதன்கிழமை மேலிடத்து விசாரணை. அறிக்கை செப்டம்பரில்தான் வந்தது என்று எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தத்தை நீட்டித் தருவதாகத் தாண்டவராயன் சார் ஆள் மூலம் சீட்டு அனுப்பினார். கூடவே அவர் மகள் கல்யாணப் பத்திரிகையும் வந்தது. இரண்டையும் ஒரே கவரில் வைத்து அனுப்பியிருக்கிறார், தூ! நான் உள்ளதைச் சொல்லப்போகிறேன். ஜூன் மாதத்து ஆய்வகத் தாள் என்னிடம் இருக்கிறது. வரியை அழித்தது யார் என்பதையும் சொல்வேன். அது விசாரிக்கிறவர்கள் காதுக்குப் போகும் முன்னால் உனக்கு என் கையெழுத்தில் வர வேண்டும் என்று நினைத்தேன். தபால் பிந்தினாலும் பிந்தும். அதற்கு மன்னித்துக்கொள். மற்றதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

அம்மாவிடம் நீ சொல்கிறாயா, நான் போய்ச் சொல்லட்டுமா என்பதை மட்டும் தெரிவி. நீ என்ன சொன்னாலும் சரி.

நீயும் உன் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் போகட்டும், இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. புதன்கிழமை அங்கே போய் நின்று என் நாக்கு புரண்டுவிட்டால், இதை எடுத்து எல்லோருக்கும் காட்டு.

இப்படிக்கு,
துர்கா