புளி போட்டுத் தேய்த்த வாளி

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை விழுங்குகிறாரா, பூந்தொட்டியில் புதைக்கிறாரா?

இங்கே ஒரு சின்னக் கூத்து. பயப்படாதே, வேலை போகவில்லை. என் முதலாளி சீனத்துப் பழம்பொருள் சேர்ப்பவர் என்று எழுதியிருந்தேனே, ஓர் அறை முழுக்க ஜாடி, பெட்டி, முக்காலிதான். அதில் பித்தளைப் பூண் போட்ட மரச் சோற்று வாளி ஒன்று கன்னங்கரேலென்று கிடந்தது. பாத்திரத்தில் முகம் தெரிய வேண்டும் என்று சொல்லியே வளர்த்தவள் ஆயிற்றே நீ, என் கை சும்மா இருக்குமா? நீ கட்டிக் கொடுத்த புளியைப் போட்டு நாரால் தேய்த்த தேய்ப்பில், பூணில் என் மூக்குத்தி வரை தெரிந்தது.

பாராட்டுவார் என்று பார்த்தால், மனிதர் வாளியை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த அழுக்குக்காகத்தாம்மா இதை வாங்கினேன்! சோறு போட்டவங்க கை பட்டுப் பட்டு நூறு வருஷமா ஏறின கறுப்பு அது. பளபளன்னு வேணும்னா கடையில கிடைக்காதா?"

இப்போது அந்த அறைக்குள் இறகுத் துடைப்பத்தோடு மட்டும்தான் அனுமதி.

ஊறுகாய் இன்னும் இருக்கிறது, அனுப்ப வேண்டாம். இங்கே தந்த தலையணை வெள்ளை வெளேரென்று, ஒரு வாசனையும் இல்லாமல் இருக்கிறது. தூக்கம் பிடிப்பதில்லை. அடுப்படியில் நீ கை துடைக்கும் பழைய சேலைத் துண்டை அனுப்பினால் தலையணைமேல் சுற்றிக்கொள்வேன். முதலாளி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

அம்மா, உனக்குக் கை பரபரக்கும், தெரியும். துவைத்து மட்டும் அனுப்பிவிடாதே.