அட்டையை எடுக்கும் பத்து நிமிடம்

நாள் 212. காலை 07:10
நிலா தென்முனை நிலையம். ஆய்வாளர் பூங்கொடி அருளப்பன். காற்றழுத்தம் சரி. தண்ணீர்ச் சுத்திகரிப்பு சரி. மீன்தொட்டி 26 டிகிரி. மீனுக்கு நல்லது என்று காய்ந்த பாதாம் இலை ஒன்று புதிதாகப் போட்டேன். மைனர் நலம். மைனர் என் ஃபைட்டர் மீன். ஏழு மாதமாக இங்கே உயிரோடு இருப்பது நாங்கள் இருவர்தான். கண்ணாடியைக் காட்டினால் தன் முகத்தையே எதிரி என்று செவுளை விரித்துக்கொண்டு முட்டுவான், மடையன். என் விரலைக் கண்டால் மட்டும் குழைவான்.

நாள் 219. பகல் 14:30
கலம் வந்தது. இறங்கியவள் ஜோவிட்டா பெர்னாண்டோ, தூத்துக்குடிக்காரி, பொறியாளர். கையில் ஒரு பெண் ஃபைட்டர், பெயர் செல்லி. ஒரே தொட்டியில் இரண்டும் ஒத்துப்போகுமா என்று பார்க்கவேண்டுமாம். தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பைச் செருகி, அதைக் கறுப்பு அட்டையால் மறைத்தோம். பூமியிலிருந்து எங்கள் மேலதிகாரி வள்ளியப்பன் சாரின் செய்தி: "தினம் பத்து நிமிஷம் மட்டும் அட்டையை எடுங்கம்மா. பாத்துப் பழகட்டும். நான் சொல்ற வரைக்கும் தடுப்பைத் தொடாதீங்க."

நாள் 226. காலை 10:10
பத்து நிமிடமும் மைனர் செல்லியைப் பார்த்து மினுக்கினான். இணை சேர நுரைக்கூடு வேறு கட்டுகிறான். எனக்காக ஒரு குமிழிகூட விட்டதில்லை. போகட்டும், மீன் புத்தி. ஆனால் ஜோவிட்டா விரலை நீட்டினாள், அதற்கும் குழைந்தான். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

நாள் 231. மாலை 17:45
அவள் இரண்டு புழு போட்டால் நான் ஆறு போடுகிறேன். காய்ந்த புழுவை ஊறவைத்துத்தான் போடவேண்டும், இல்லையென்றால் வயிற்றுக்குள் போய் ஊறி உப்பும். ஊறும்வரை காத்திருந்தால் அவள் முந்திக்கொள்கிறாள். மைனர் மறுபடி என் பக்கம் வருகிறான். வயிறு கொஞ்சம் உப்பியிருக்கிறது.

நாள் 234. பகல் 11:20
தடுப்பு நழுவிவிட்டது. செல்லிக்குக் காயமில்லை. மைனர் இறந்துவிட்டான்.

நாள் 234. பகல் 13:05
திருத்தம். தடுப்பு நழுவவில்லை. நான்தான் உருவினேன். ஜோவிட்டா குளிக்கப் போயிருந்தாள். மைனர் செல்லியைக் குதறிவிடுவான், செல்லி போனால் ஜோவிட்டாவும் தொட்டிப் பக்கம் வரமாட்டாள், அவன் எனக்கே எனக்கு என்று நினைத்தேன். அவனால் திரும்பக்கூட முடியவில்லை. அந்த வயிறு. செல்லி வாலில் ஆரம்பித்தாள். நான் கையை விட்டுப் பிரிப்பதற்குள் முடிந்துவிட்டது. புழு போட்டதும் இதே கைதான்.

நாள் 235. காலை 09:00
ஜோவிட்டா செல்லியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அவள் குரல்: "அக்கா, நேத்து செல்லியக் கொல்லப் பாத்தீங்க. நாளைக்கு நான்தானே?" வள்ளியப்பன் சார்: "அடுத்த கலம் வர நாப்பது நாள் ஆகும். அதுவரைக்கும் கதவு பூட்டியே இருக்கட்டும். தினம் பத்து நிமிஷம் கதவு ஜன்னலோட மூடியை மட்டும் திறந்து, முகம் பாத்துப் பேசிக்குங்க."
பத்து நிமிடம். சாருக்கே அது உறைக்கவில்லை போல.

நாள் 241. காலை 10:06
மூடியைத் திறந்தேன். ஜன்னலில் ஒரு முகம். தாடை விறைத்து, பல்லைக் கடித்து, என்னையே முறைத்தது. என் மைனரைத் தின்றவளை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவள் முகம் என்று ஓங்கிக் குத்தினேன். மறுபடியும் குத்தினேன்.
அந்தப் பக்கம் விளக்கே எரியவில்லை. ஜோவிட்டா வரவேயில்லை.
கண்ணாடியில், என் முகத்தின் குறுக்கே விரிசல். கையெல்லாம் ரத்தம். இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது.