மிசினுக்கு ஆடி தெரியாது

1978, ஆடி 2, செவ்வாய்

மழை இல்லை. வெறும் காத்து. காயப் போட்ட துணியெல்லாம் வேலி மேல. அவரை விதை, வெண்டை விதை வெயிலில் காட்டி எடுத்தாச்சு. கத்தரி நாளைக்கு.

கொழுந்தனார் செல்வராசு அனுப்பறேன்ன காயிதம் இன்னும் வரலை. கோயமுத்தூரில் ஒரு மில்லு ஆபீசில் கம்ப்யூட்டர் பாக்கிறவர். கிணத்தடித் தோட்டத்துக்கு ரெண்டு வருசமா நான் எழுதின கணக்கை வாங்கிட்டுப் போனார். எந்த மாசம் என்ன போட்டோம், எத்தனை கூடை காய், கிணத்தில் எவ்வளவு தண்ணி, எல்லாம். அட்டையில் ஓட்டை போட்டு மிசினுக்குக் குடுத்தா, எதை எப்ப நடலாம்னு அதுவே சொல்லுமாம்.

பஸ் வரும்போதெல்லாம் ரோட்டுக்கு ஓடினேன். அத்தை, "விருந்துக்கு ஒறம்பரை வர்றாப்பல நிக்கறியே அம்மணி"ங்கறாங்க.

நிக்காம? மாமா சித்திரையிலேயே சொல்லிட்டார். மிசினு சொல்றது சரியா வந்தா கிணத்தடி ஒரு ஏக்கரும் என் பொறுப்பு. இல்லைன்னா கடலை போட்டுருவார். இந்த ஊட்டில் அந்த ஒரு இடத்தில்தான் என்ன பண்ணலாம்னு நான் யோசிக்கிறேன். மத்ததெல்லாம் அடுப்பு.

ஆடி 3, புதன்

காயிதம் வந்துருச்சு. பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் குடுத்தார். அகலமா, மடிப்பு மடிப்பா, ரெண்டு ஓரமும் ஓட்டை. எல்லாம் இங்கிலீசு. அவரை, டிசம்பர். வெண்டை, டிசம்பர். கத்தரி நாத்து, டிசம்பர்.

அத்தை விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "மார்கழிப் பனியில அவரையா! ஆடிப்பட்டம் தேடி விதைன்னு அதுக்கு ஆரும் சொல்லலையாட்ட இருக்குது!"

மாமா சிரிக்கலை. வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "மிசினு சொன்னாச் சரிதான். இப்பக் கடலை போட்டாக் கார்த்திகைல புடுங்கிரலாம். மார்கழில உன்ற அவரை."

"மார்கழில வராதுங்க மாமா."

"மிசினு பேச்சைக் கேக்கோணும்னு சொன்னது ஆரு? நீதான அம்மணி?"

மார்கழியில் வராதுன்னு தெரியும் அவருக்கு. நல்லாத் தெரியும். எங்க ஊட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலை தூக்கலை.

ஆடி 5, வெள்ளி

சாரல். தூக்கமே இல்லை. விளக்கெண்ணெய், சோப்பு, சீரகம் வாங்கணும். விதைக் கடலை உரிக்க ஆள் சொல்லியாச்சாம். செவ்வாய்க்கிழமை ஏர்.

பால்காரர் வராத நாளைக் குறிக்கக் காலண்டர் பக்கம் போனேன். எங்க அம்மா ஊட்டிலிருந்து வந்த மலையாளக் காலண்டர். கர்க்கடகம்னு பெரிசா போட்டிருக்கு. அப்படியே நின்னுட்டேன்.

கணக்கை நிரப்பச் செல்வராசு குடுத்த பாரத்தில் மாசத்துக்கு ரெண்டே கட்டம். நம்பர் மட்டும் போடணும். நான் படிச்சது சித்தூரில் மலையாளப் பள்ளிக்கூடம். அங்க வருசம் பொறக்கறது ஆவணியில். சிங்கம் மாசம் ஒண்ணு, கர்க்கடகம் பன்னண்டுன்னு கை தானா எழுதும். நம்ம ஆடிதான் கர்க்கடகம். ஆடிக்கெல்லாம் பன்னண்டு போட்டு வச்சிருக்கேன். மிசினுக்கு இங்கிலீசு மாசம்தான் தெரியும். பன்னண்டுன்னா அதுக்கு டிசம்பர்.

அட கூறு கெட்டவளே!

ஆருகிட்டச் சொல்றது. சொன்னா, மாசம் எண்ணத் தெரியாதவ தோட்டம் பாப்பாளான்னு வரும். சொல்லாட்டி ஆடி போயிரும்.

ஆடி 7, ஞாயிறு

செல்வராசு வந்தார். கோழிக்குழம்பு. கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னேன். தலையில் கை வச்சுக்கிட்டார்.

"அண்ணி, நான் பண்ணின தப்புன்னு சொல்லிக்கறனுங்க. அப்பா என்னை ஒண்ணும் பண்ண மாட்டார்."

ஆசையாத்தான் இருந்தது. சரின்னே சொல்லிட்டேன். ஊட்டுக்கு வர்றதுக்குள்ள மனசு மாறிப் போச்சு. அவர் தப்புன்னா மிசினே ஆகாதுன்னு ஆயிரும். என் ரெண்டு வருசக் கணக்கும் அதோட குப்பைக்குப் போகும்.

சோறு போடும்போதே சொல்லிட்டேன். "மாமா, மிசினு தப்பில்லீங்க. மாச நம்பரை நான் மாத்திப் போட்டுட்டேன். அது டிசம்பர் இல்லீங்க, ஆடி."

மாமா மென்னுட்டே, "அப்ப இனி நீ சொல்றதைக் கேக்கோணுமாக்கும்?"

கோபம் வந்துருச்சு எனக்கு. "அது பேசினதெல்லாம் நான் எழுதிக் குடுத்ததுதானுங்க மாமா. அது சொன்னா சரிங்கறீங்க. அதையே நான் சொன்னா ஆகாதுங்களா?"

எங்க ஊட்டுக்காரர், ஆச்சரியம், "கேக்கறது நாயந்தானுங்கப்பா"ன்னார்.

மாமா கை கழுவிட்டு வந்தார். "கிணத்தடியில நாலு பாத்தி போட்டுக்க. மீதி கடலை. மொளைக்கலைன்னா அந்த நாலும் கடலைதான்."

நாலு. ஒரு ஏக்கர் கேட்டவளுக்கு நாலு பாத்தி. பாத்திரம் கழுவும்போது அழுதேன். கோபத்தில்தான்.

ஆடி 8, திங்கள்

விடிகாலையிலேயே விதைச்சாச்சு. ஒண்ணு, ரெண்டு வெண்டை. மூணு, நாலு அவரை, ஊற வச்சது. கத்தரிக்கு இடம் இல்லை, உடைஞ்ச தொட்டியில் நாத்து. முதுகு வலி.

ஆடி 10, புதன்

ஒண்ணும் இல்லை. கோழி விரட்டறதே வேலை. பாத்திக்கு அக்கட்ட, மீதி இடத்தில், கடலை போட்டு முடிச்சாச்சு. அத்தை, "தோண்டித் தோண்டிப் பாக்காத, அழுகிரும்." தோண்டலை. ஒரே ஒரு இடத்தில்தான்.

ஆடி 13, சனி

நல்ல மழை ராத்திரி. மாட்டுக்குத் தவிடு ஊற வைக்கணும். அதுக்கு முன்னாடி ஓடினேன்.

நாலாவது பாத்தியில் மண்ணு வெடிச்சிருக்கு. வரிசையா. ஒரு வெடிப்பில் வளைஞ்ச கழுத்து, வெள்ளையா. மூணாவதிலும்.

மாமா மோட்டார் ரூம்புகிட்ட நின்னு பல்லு வெளக்கிட்டு இருக்கார். கூப்பிடலை. சித்த நேரம் நான் மட்டும் பாத்துக்கறேன்.