படத்தில் இரண்டு பேர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் கிளம்பி வந்த இரண்டாம் மாதம் அம்மா விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். நடக்கப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டவள், ஊரார் கால்களைப் பிடித்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும் முறையைப் படமாக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். தோளுக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர். தனியாகத் தூக்காதே.

நிலநடுக்கத்தில் கால் நொறுங்கிய கொத்தனார் ஒருவர் எங்கள் நிவாரண மருத்துவக் கூடாரத்துக்கு வருகிறார். வாரா வாரம், சிரிப்பிலிருந்து அழுகை வரை ஐந்து முகம் போட்ட அட்டையை நீட்டி, வலி எவ்வளவு என்று கேட்போம். அவர் சிரிக்கிற முகத்தையே தொடுவார். அதைப் படிவத்தில் குறித்து, உடனே ஒரு போட்டோ எடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டுவோம். "என் காலைவிட உங்க படிவம்தான் நல்லா நடக்குது" என்றார் ஒருநாள். எல்லோரும் சிரித்தோம்.

இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்? முதுகில் முழங்காலை முட்டுக்கொடுத்து நீ தலை பின்னிவிடுவாயே, அதற்கு மனசு ஏங்குகிறது. இங்கே தண்ணீர் இல்லாததால் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன். திட்டாதே.

உன் சின்னவள்

மார்ச் 19

அன்புச் சின்னவளுக்கு,

நாங்கள் நலம். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள். படத்தைக் கதவில் ஒட்டிவிட்டேன். நான் தையல் கம்பெனிக்குப் போயிருக்கும்போது பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துக்கொள்கிறார். "கடல் தாண்டிப் போய்ச் சேவை பண்றா உன் தங்கச்சி" என்று தெருவெல்லாம் அவர் பேச்சுதான். எனக்கும் பெருமைதான்.

ஆறு மாதம்தானே, இரு. இங்கே ஒரு குறையும் இல்லை. பேனா சரியில்லை, எழுத்து கோணலாக இருக்கும். போன முடிக்கு என்ன திட்டுவது.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

நேற்று விடுமுறை. சொல்லாமல் கொள்ளாமல் கொத்தனார் வீட்டுக்குப் போனேன். மாடிப்படியில் அவருடைய மகள் அவரை முதுகில் சுமந்து ஏறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் திருடர்களைப் போல முழித்தார்கள். காலை அமுக்கிப் பார்த்தேன், எலும்பு இன்னும் ஒன்றுசேரவே இல்லை. பன்னிரண்டு வாரமாக அந்தக் காலில் நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டேன். "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. வலிக்குதுன்னு சொன்னா உங்க மனசு என்ன பாடுபடும்?" என்றாள்.

எனக்கு வலிக்கக்கூடாது என்று அவர் வலியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் அலுவலகச் சுவர் முழுக்கச் சிரிக்கிற முகங்கள். அலுவலகத்தில் சொன்னேன். படிவத்தை மாற்ற மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். அறுவைசிகிச்சைக்கு வண்டி பிடிக்க இன்று காலை அவர்களோடு சண்டை போட்டேன்.

அறைக்கு வந்து உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் உன் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது. பிப்ரவரியில் சாய்கிறது. கடைசிக் கடிதத்தில் பேனா தாளைத் தொடவே அஞ்சுகிறது. அது பேனா இல்லை, அக்கா. இதையெல்லாம் பார்க்கத்தான் நான் படித்தேன்.

எந்தக் கை? எத்தனை நாளாக? நலம் என்று எழுதாதே.

சின்னவள்

ஏப்ரல் 21

சின்னவளே,

வலது மணிக்கட்டு. பிப்ரவரியிலிருந்து.

நீ அனுப்பிய படத்தைத் தினமும் பார்க்கிறேன். அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். வீட்டில் நான் ஒருத்தி. அத்தைக்கு முட்டி வலி, அவரால் எட்டித்தான் பார்க்க முடியும். கம்பெனியில் இரண்டு நாள் விடுப்பு கேட்டேன். "உங்க அம்மா விழுந்ததுக்குத் தையல் லைனே நிக்கணுமா?" என்றார் சூப்பர்வைசர். தையல் மிஷினிலிருந்து தூக்கி நூல் பிசிறு வெட்டும் மேசையில் போட்டிருக்கிறார்கள். நீ அங்கே செய்வதற்குச் சேவை என்று பெயர் இருக்கிறது. இங்கே நான் செய்வதற்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. கோபம் உன்மேல் மட்டுமில்லை. ஆனால் உன்மேலும் உண்டு. யாரோ ஒருவருடைய மகளின் முதுகைப் பார்த்த பிறகுதானே என் கை உன் கண்ணில் பட்டது?

இன்னொன்றையும் மறைத்தேன். விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு ஆள் தெரிவதில்லை. என்னைத்தான் சின்னவளே என்று கூப்பிடுகிறாள். முதலில் திருத்திப் பார்த்தேன், அழுதாள். இப்போது "என்னம்மா" என்று நீயாகவே மாறிப் பதில் சொல்கிறேன். உன்னைப் போலவே பாதி வாக்கியத்தில் சிரிக்கக்கூடக் கற்றுக்கொண்டேன். இடுப்பைத் துடைத்துவிடும்போது என் கன்னத்தைத் தடவி, "பெரியவ எங்கடி போனா? ஒரு கடுதாசிகூடப் போடலையே" என்கிறாள். தினமும் கேட்கிறாள். வந்துடுவாம்மா என்று தினமும் சொல்கிறேன்.

இந்த வீட்டில் தூர தேசம் போனவள் நீ இல்லை.

அந்தக் கொத்தனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வா. நீ தோளைப் பிடி, நான் முழங்காலைப் பிடிக்கிறேன். நம் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தால் ஒருவேளை அம்மாவுக்கு என்னைத் தெரியும்.

வலிக்கிறதுடி.

பெரியவள்