சடையனுக்கு இன்னொரு பக்கம்

முடிதிருத்தும் நிபுணர் அவர்களுக்கு,

நேற்று நான் சிரித்தேன் என்று, சடையனுக்கு ஒரு பக்க முடியை மட்டும் வெட்டியதோடு கத்தரியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள். சாப்பாடு அடுப்பு மேலேயே இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கோபத்தைத் தொடருங்கள்.

எனக்கு ஏழு மணிக்கு வார்டு டூட்டி. சடையனை வலது பக்கம் பார்த்தால் நம் நாய், இடது பக்கம் பார்த்தால் யார் வீட்டு நாயோ. நாலு மணிக்கு உங்கள் அக்கா வருவதற்குள் இன்னொரு பக்கத்தையும் முடித்துவிடுங்கள். குளிப்பாட்டும் முன்பே சிக்கெடுங்கள், ஈரம் பட்டால் சிக்கு இறுகிவிடும். காதுக்குப் பின்னால் தோலை ஒட்டிச் சீப்பை வைத்து, அதற்கு மேலே இருப்பதை மட்டும் வெட்டுங்கள். என் தையல் கத்தரியைத் தொடவே கூடாது. முனை மழுங்கின கத்தரி குளியலறை அலமாரியில் இருக்கிறது.

"கண்ணு மேல இருக்கிற முடிய விட்டுடுங்க, அதுதான் அவனுக்கு அழகு" என்று நேற்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "பாவம், அவனுக்குக் கண்ணே தெரியல" என்று சொல்லி வெட்டிவிட்டீர்கள்.

சற்று முன் நான் செருப்பு மாட்டும்போது, சடையன் எந்த நாற்காலியிலும் முட்டிக்கொள்ளாமல் நேராக வந்து நின்றான். நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் பழுப்பு நிறம் என்று எனக்கே இன்றுதான் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் என் பஸ் போய்விட்டது.

நீங்கள் செய்ததுதான் சரி. இந்தச் சீட்டை அக்காவிடம் காட்ட வேண்டாம்.

(ஓரத்தில்) வால் பக்கம் தனியாக முயற்சி செய்யாதீர்கள், திரும்பிக் கடிப்பான். சாயங்காலம் வந்து நான் மடியில் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் வெட்டுங்கள்.