வலது பக்கக் கதவு

ஆகஸ்ட் 8, வெள்ளி.

இன்று மதுரங்குளிச் சந்தியில் செய்த வேலையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பாண் வாங்கப் போன இடத்தில், பேக்கரி வாசலில் என் பழைய நீல மொறிஸ் மைனர் நின்றது. வண்ணாத்திவில்லுப் பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு வருடம் என்னைச் சுமந்த கார். விற்று ஒரு வருடம் ஆகிறது.

தடவிப் பார்க்கத்தான் கிட்டப் போனேன். உப்புக் காற்றில் இறுகிப்போன வலது பக்கக் கதவு. கை தன்பாட்டில் பிடியை மேலே தூக்கியது, முழங்கால் கீழே ஒரு தட்டுத் தட்டியது. திறந்துகொண்டது. ஏறி உட்கார்ந்தே விட்டேன்!

காரை வாங்கிய நானா பாண் பையோடு ஓடி வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன்.

"டீச்சர், இத எப்படித் தொறந்தீங்க? வாங்கின நாள்ல இருந்து நான் இடப்பக்கத்தால ஏறி நகந்து நகந்துதான் வாறேன்."

விற்ற அன்று நானே கதவைத் திறந்து விட்டிருந்தேன். வித்தையைச் சொல்ல மறந்துபோனேன்.

"தெரியா நானா, தானாத் தொறந்திச்சு."

ஜும்ஆ நாளில் பொய். அல்லாஹ் மன்னிக்கட்டும். பாவம், பருத்த மனிதர். நாளைக்கே போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இல்லை, அடுத்த வெள்ளி. இன்னும் ஒரு கிழமைக்கு அந்தக் கதவு எனக்கு மட்டும் திறக்கட்டும்.